மலை மணலாகும் மாவட்டம்

கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சங்கும் பாசிமாலையும் விற்கும் கடைகளில் இன்னொரு சரக்கும் தொங்கும். சின்னச் சின்னப் பொட்டலங்களில் அடைத்த பல நிற மணல்: கருப்பு, சிவப்பு, தேன்மஞ்சள், வெள்ளை. குமரியம்மனின் கல்யாணம் நின்றுபோன அன்று, சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலாயின என்று ஊரில் கதை சொல்வார்கள். அழகான கதை. அந்த மணலைப் பற்றி நிலவியலார் சொல்லும் கதையும் அதற்குச் சளைத்ததில்லை. அது அண்டார்டிகா வரை போய்வருகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கடற்கரை ஒரு நாள், அருவி ஒரு நாள், மலை ஒரு நாள் என்று பிரித்துக்கொள்கிறார்கள். இடங்களின் பட்டியலும் அப்படித்தான் அச்சாகிறது. ஆனால் இங்கே மலையையும் கடலையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். மாவட்டத்தின் வட எல்லையில் மகேந்திரகிரி 1,600 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. அங்கிருந்து குமரிமுனைக் கடல் நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான். இந்தச் சிறு தூரத்துக்குள் மலை உடைந்து கடலுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. கடல் ஆவியாகி மலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. பயணிகள் படம் எடுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்தப் போக்குவரத்தின் வழியில் இருப்பவை.

மணலிலிருந்தே தொடங்கலாம். பொட்டலத்தில் கருப்பாக இருப்பது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டின் வெண்மைக்கு வேண்டிய டைட்டானியம் இந்தக் கரிய மணியிலிருந்து கிடைக்கிறது. சிவப்பு கார்னெட்; மரவேலைக்காரர்கள் தேய்க்கும் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் அதே கல். நிறமற்று மின்னுவது சிர்க்கான். தேன்மஞ்சள் மணி மோனசைட். இவற்றோடு எங்கும் காணும் வெள்ளைக் குவார்ட்ஸ் மணலும் உண்டு.

எல்லாக் கடற்கரையிலும் மணல் இருக்கிறது. இங்கே அது நிறம் நிறமாகப் பிரிந்து கிடப்பது ஏன்? எடைதான் காரணம். குவார்ட்ஸ் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு அடர்த்தி கொண்டது. கார்னெட் சுமார் 4 மடங்கு, இல்மனைட் 4.7, மோனசைட் ஏறத்தாழ 5. அலை வேகமாக ஏறும்போது எல்லா மணியையும் அள்ளிக்கொண்டு கரைக்கு வருகிறது. திரும்பும்போது வேகம் குறைவு. லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துச் செல்கிறது, கனமானவை தங்கிவிடுகின்றன. முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல்லை ஒதுக்குகிற வேலைதான். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று அலைகளை ஓங்கி அடிக்கும்போது இந்தப் புடைப்பு மும்முரமாக நடக்கும். அதனால்தான் மணவாளக்குறிச்சிக் கரையில் மழைக்காலம் முடிந்ததும் வெள்ளை மணல் மீது கருமணல் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும்.

இந்த மணவாளக்குறிச்சி மணலை வெளியுலகம் கண்டுகொண்டது கயிற்றின் வழியே. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்று ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளிலும் வீட்டு விளக்குகளிலும் எரிவாயு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சுடரின் மேல் மாட்டும் வலையைத் தோரியம் சேர்த்துச் செய்தால்தான் வெளிச்சம் வெள்ளையாகப் பொங்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. குளச்சலை ஒட்டிய இந்தச் சிறு கடற்கரையின் மணல் கப்பலேறிப் போனது அந்த விளக்குகளுக்காகத்தான். இன்று இந்திய அரசின் அருமணல் நிறுவனம் இங்கே தாது மணலைப் பிரித்தெடுக்கிறது.

தோரியம் இருப்பதால் இந்தக் கரையோரத்தின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இதே வகை மணல் கிடக்கும் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் லட்சக்கணக்கான மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. தோண்டுவதும் பிரிப்பதும் வேறு விஷயம். வீட்டு வாசலில் மணல் அள்ளப்படும்போது கரையோர மக்கள் எழுப்பும் அச்சத்தையும் எதிர்ப்பையும் இந்த ஆய்வைக் காட்டி ஒதுக்கிவிடக் கூடாது.

மோனசைட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. எனக்கு இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது. அதனுள் இருக்கும் தோரியமும் யுரேனியமும் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகின்றன. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த மணி எப்போது உருவானது என்று சொல்லிவிடலாம். இப்பகுதிப் பாறைகளில் இருக்கும் மோனசைட் மணிகளில் பலவும் சுமார் 55 கோடி ஆண்டுகளைக் காட்டுகின்றன. நிலத்தில் அப்போது மரமில்லை, புல்லில்லை. இந்தப் பாறைகள் பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தன. கார்னெட்டும் அந்த அழுத்தத்தில் பாறைக்குள் வளர்ந்த கல்தான். இன்று நாம் செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்கும் மணல் அத்தனை ஆழத்திலிருந்து மேலே வந்தது.

அன்று தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் கிழக்கு அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இந்த நான்கு இடங்களிலும் ஒரே காலத்தில், ஒரே மாதிரி வெந்த பாறைகள் கிடைக்கின்றன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகா பிரியத் தொடங்கியது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்கு விளிம்பிலிருந்து கழன்றது. அப்படிக் கிழிந்த விளிம்பின் மிச்சம்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான மேற்கு முகம் என்று நிலவியலார் கருதுகிறார்கள்.

நாகர்கோவிலுக்குத் தெற்கே கணபதிபுரத்துக் கடற்கரைக்கு லெமூர் கடற்கரை என்று பெயர். 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை உயிர்களின் தடயம் இருப்பதை விளக்க, நடுவில் மூழ்கிப்போன லெமூரியா என்ற கண்டத்தைக் கற்பனை செய்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று பின்னாளில் தெரிந்ததும் அந்தக் கற்பனைக்கு வேலை இல்லாமல் போனது. மூழ்கிய கண்டம் ஒன்றும் இல்லை. ஒட்டியிருந்த நிலங்கள் விலகிப்போயின. பெருங்கண்டம் ஒன்று கடலடியில் கிடப்பதாக இன்றும் நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. குமரிக்குத் தெற்கே ஆழம் குறைந்த கடலடியில் பெரும்பகுதி அப்போது வெயில் பட்ட தரைதான். பனி உருகி அதைக் கடல் கொண்டது. கண்டம் இல்லை என்பதற்காக இது சின்ன விஷயமாகிவிடாது.

வெந்த பாறை மணலாவதற்கு மழை வேண்டும். அந்த மழையைத் தருவது இதே கடல். தென்மேற்குக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் காற்று குளிர்ந்து ஈரம் நீராகிக் கொட்டுகிறது. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களும் பலா மரங்களும் அடர்ந்திருப்பது இதனால்தான். மாறாமலை, கரும்பாறைச் சரிவுகளில் விளையும் கிராம்பு 2021-இல் ‘கன்னியாகுமரி கிராம்பு’ என்று புவிசார் குறியீடு பெற்றது. கிழக்கே தோவாளையைத் தாண்டிப் போகப் போகப் பச்சை குறைந்துகொண்டே வந்து, உடைமரமும் பனையும் தொடங்கிவிடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும்போது கிழக்குப் பக்கமும் நனையும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் நன்றாக வாய்த்த மாவட்டம் தமிழ்நாட்டில் இது.

மலைத்தொடர் தெற்கே முடியப்போகும் இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஆரல்வாய்மொழிக் கணவாய். அகன்ற வெளியில் வந்த காற்றெல்லாம் இந்தக் குறுகிய இடைவெளியில் நுழைந்தாக வேண்டும். அதே அளவு காற்று சின்ன வழியில் போக வேண்டுமானால் வேகம் கூடித்தான் தீரும். ஆடி மாதத்தில் முப்பந்தல் சாலையில் பைக்கில் போனவர்களுக்கு அந்த வேகம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று இங்கே எழுந்ததற்கு அந்த இடைவெளிதான் காரணம். சுமார் 1,500 மெகாவாட் திறன். அது மின்சாரம் எடுக்கும் இடம் என்றாலும், ஆயிரக்கணக்கான இறக்கைகள் மலையடிவாரத்தில் ஒரே திசை பார்த்துச் சுழல்வதை நின்று பார்க்காமல் கடந்துபோகிறவர்கள் குறைவு.

மலையில் விழுந்த நீர் கோதையாறாகவும் பரளியாறாகவும் இறங்குகிறது. கோதையாற்றின் குறுக்கே மிஞ்சின் என்ற பொறியாளர் வடிவமைத்த பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அதற்குக் கீழே திற்பரப்பில் ஆற்றின் படுகை கால் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே பாறை. மண்ணோ கூழாங்கல்லோ இல்லாத அந்தக் கல்தளத்தில் பரவி வரும் ஆறு, பாறை திடீரென்று முடியும் இடத்தில் சுமார் 50 அடி கீழே விழுகிறது. ஆழத்தில் வெந்து இறுகிய பாறையை ஆறு எளிதில் அறுக்க முடிவதில்லை. விரிசல் கண்ட இடத்தில்தான் பாளம் பாளமாகப் பெயர்க்க முடிகிறது. திற்பரப்பு ஒரே கோடாகக் கொட்டாமல் அகலமாக விழுவதற்கு இந்தப் பாறைத்தளமே காரணம். அருவியில் குளிக்கிறவர்கள் காலடிப் பாறையை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். கருஞ்சாம்பல் பட்டைகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் அவை பெரும்பாலும் கார்னெட். கடைத்தெருப் பொட்டலத்தில் இருக்கும் சிவப்பு மணலின் பிறந்த வீடு.

கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறைத் தாமிரபரணியாகித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கின்றன. கிழக்கே பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்துவிட்டு மணக்குடியில் சேர்கிறது. ஆறு கடலைச் சேரும் இந்த இடங்களை இங்கே பொழி என்பார்கள். கோடையில் ஆற்றில் நீர் குறையும்போது அலை மணலைத் தள்ளிப் பொழியை அடைத்துவிடும். மழை பெய்து வெள்ளம் வரும்போது ஆறு அதை உடைத்துக்கொண்டு போகும். மலைக்கும் கடலுக்கும் நடக்கும் இழுபறியை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் மணக்குடிப் பொழிக்குப் போக வேண்டும். கரையில் அலையாத்தி மரங்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இங்கிருந்த பாலத்தையே தூக்கிப்போனது. அலை புறப்பட்டது கிழக்கே சுமத்ராவில். குளச்சலோ மேற்குக் கடலைப் பார்த்த ஊர். இருந்தும் குளச்சலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆழம் குறையும் இடத்தில் சுனாமியின் வேகம் குறையும். ஒரு பக்கம் வேகம் குறைந்தால் அலை அந்தப் பக்கம் திரும்பும். அப்படித்தான் இலங்கையைச் சுற்றி வளைந்து, முனையைத் தாண்டி, மேற்குக் கரைக்கும் வந்துவிட்டது.

முட்டத்தின் பாறைகளைப் பாரதிராஜா படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பாறைகளுக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டைப் பலரும் கவனிப்பதில்லை. அது தேரி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காற்று குவித்த மணல். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாகப் பூசியிருப்பதால் அந்தச் சிவப்பு. ஒரு மணியைத் தேய்த்துக் கழுவினால் உள்ளே வெள்ளைக் குவார்ட்ஸ் இருக்கும். மழைநீர் அறுத்த ஓடைகள் இந்த மேட்டில் குட்டிப் பள்ளத்தாக்குகளாகக் கிளை பிரிகின்றன. என்னைக் கேட்டால் முட்டத்தில் பாறைக்கு அரை மணி நேரமும் தேரிக்கு அரை மணி நேரமும் ஒதுக்க வேண்டும்.

இனி முக்கடல். மூன்று கடலும் மூன்று நிறத்தில் கோடு போட்டது போல் தெரியும் என்று வழிகாட்டிகள் கை நீட்டுவார்கள். நிறம் மாறுவது உண்மை; அது ஆழத்தையும், நீரில் கலங்கிய மணலையும், மேகத்தின் நிழலையும் பொறுத்தது. கடல்களின் எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. ஆனால் கலப்பு நடப்பதும் உண்மை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டுவதால் வங்கக்கடலின் மேல்நீரில் உப்பு குறைவு. அரபிக்கடலில் ஆவியாவது அதிகம், உப்பும் அதிகம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தீபகற்பத்துக்கும் இலங்கைக்கும் தெற்கே நீரோட்டம் கிழக்கு நோக்கி ஓடி உப்புநீரை வங்கக்கடலுக்குக் கொண்டுபோகிறது. வாடைக்காலத்தில் அது திசை திரும்பி, உப்பு குறைந்த வங்க நீரை மேற்கே கொண்டுவருகிறது. ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் இத்தகைய பெரும் நீரோட்டம் உலகில் அபூர்வம்.

மழைக்காலத்துக் கடலில் இன்னொன்றும் நடக்கிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று கரையை ஒட்டி ஓடும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது தெற்கே ஆழ்கடல் பக்கம், ஒதுங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. அதில் ஊட்டச்சத்து நிறைய. நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னும் மீன்கள் பெருகுகின்றன. முனைக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் பெரும் மீன்வளம் கொண்ட கடல்மேடு. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டில் அது இந்தியாவுக்கு உரியதானது. விசைப்படகு மீன்பிடித் தடையிலும் இந்த மாவட்டத்துக்கு இரண்டு காலம்: சின்னமுட்டத்தில் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

சித்திரைப் பௌர்ணமியன்று சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருங்கே பார்க்கக் கூடும் கூட்டத்துக்கும் வானியல் விளக்கம் உண்டு. முழுநிலவு என்றாலே சூரியனுக்கு நேர் எதிரே நிலவு நிற்கிறது என்று பொருள். ஆகவே எந்தப் பௌர்ணமியிலும் சூரியன் மறையும் வேளையை ஒட்டியே நிலவு எழும். குமரிமுனையின் சிறப்பு, கிழக்கிலும் மேற்கிலும் கடல்வெளி திறந்திருப்பது. சூரியோதயம் இங்கே ஆண்டு முழுதும் கடல் பக்கம்தான். அஸ்தமனம் அப்படி இல்லை. கரை வடமேற்காகச் சாய்ந்து போவதால், ஆனியில் வடக்கே ஒதுங்கும் சூரியன் நிலத்தின் மேல்தான் மறையும். மார்கழியில் தெற்கே ஒதுங்கும்போது கடலில் முழுதாக இறங்கும். கடலில் அஸ்தமனம் பார்க்க ஆசைப்பட்டு ஜூன் விடுமுறையில் வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான். அவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வர வேண்டும்.

அந்த மாதங்களில் வந்தால் சுசீந்திரம், தேரூர்க் குளங்களையும் விட்டுவிடக் கூடாது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே பறந்துவரும் பறவைகளுக்குத் தீபகற்பம் கூம்பி முடியும் இந்த இடம் தரைவழியின் கடைசி நிறுத்தங்களில் ஒன்று. இந்தக் குளத்தொகுதி 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதிகாலையில் அதை முடித்துக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் மருந்துவாழ் மலையில் ஏறிவிடலாம். சுற்றியிருந்தவை தேய்ந்துபோக, தேயாமல் தனித்து நின்ற பாறைக் குன்று அது. சுமார் 800 அடி. நாராயண குரு தவமிருந்த குகை வழியில் இருக்கிறது. தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோக வேண்டும். காளிகேசம் போன்ற காட்டோடைகளுக்கு வனத்துறை அனுமதி தேவை. கோதையாற்றில் வெள்ளம் வந்தால் திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள். ஆகவே அருவிக்குத் தனியாக ஒரு நாளை முன்கூட்டியே முடிவு செய்யாமல், மேலே மழை ஓய்ந்து இரண்டு நாள் ஆனபின் போவது நல்லது.